டிரையல்ஸ் சைக்கிளில் செயின் உரசுது, தொங்குது, தாவுது: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

டிரையல்ஸ் சைக்கிளில், அதாவது காலை ஊன்றாமல் பாறை, திண்டு, சுவர் மேல் குதித்து ஏறுவதற்கான சைக்கிளில், செயின் பக்கமிருந்து கர்ரென்று சத்தம் வந்தால் உடனே புது செயின் வாங்கப் போகாதீர்கள், அரத்தை எடுத்து ஃபிரேமை ராவவும் ஆரம்பிக்காதீர்கள். எது எதைத் தொடுகிறது என்று முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்த வகை சைக்கிளில் ஒன்றை மாற்றினால் கூடவே மூன்று விஷயம் நகரும். ஸ்ப்ராக்கெட்டை, அதாவது பின் பற்சக்கரத்தை, மாற்றினால் சக்கரம் முன்னே வரும், சக்கரம் முன்னே வந்தால் டயர் ஃபிரேமை நெருங்கும், பிரேக் கட்டை ரிம்மில் உட்காரும் இடமும் மாறிவிடும். அதனால் காரணம் தெரியாமல் பாகம் வாங்கினால், பெரும்பாலும் பழைய பிரச்சினை போகாமல் புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த சைக்கிளில் மட்டும் ஏன் இவ்வளவு இடநெருக்கடி என்றால், எல்லாம் சின்னப் பற்சக்கரத்தால் வருவது. ஊர் சைக்கிளில் முன்னால் 44 அல்லது 48 பல் இருக்கும். மவுண்டன் பைக்கில் 32 பல் என்று வைத்துக்கொண்டாலும் செயின் சுற்றும் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. வரும். டிரையல்ஸில் முன்னால் 18 பல் ஃப்ரீவீல், அதன் விட்டம் 73 மி.மீ. மட்டும்தான். பின்னால் 15 பல் என்றால் 61 மி.மீ., 12 பல் என்றால் 49 மி.மீ. அதாவது செயினின் மேல் ஓட்டத்துக்கும் கீழ் ஓட்டத்துக்கும் நடுவே உள்ள இந்தச் சின்ன இடைவெளியில்தான் செயின்ஸ்டே என்கிற பின் கீழ்க்குழாயும் அடங்க வேண்டும். செயின் தகட்டின் உயரம் சுமார் எட்டரை மி.மீ., அதில் பாதியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: 15 பல் போட்டால் பின் ஆக்ஸிலின் மையத்திலிருந்து செயினின் அடி விளிம்பு வரை 26 மி.மீ. கிடைக்கும், 12 பல் போட்டால் 20 மி.மீ.தான். அந்த 6 மி.மீ.யில்தான் பாதிப் பேருடைய உரசல் பிரச்சினை இருக்கிறது. 26 அங்குல சைக்கிளில் 18க்கு 15, 20 அங்குலத்தில் 18க்கு 12 என்பது வழக்கமான கணக்கு, ஒரு பெடல் சுற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். 26 அங்குல ஃபிரேமில் கொஞ்சம் கியர் ஏற்றலாமே என்று 12 பல்லைப் போடும்போது, அந்த ஃபிரேமின் டிராப்அவுட் (பின் ஆக்ஸில் உட்காரும் காடி) பக்கம் குழாய் அதற்கு ஏற்றபடி வளைந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் தடயம்

செயின்ஸ்டேயின் மேல்பக்கம், அடிப்பக்கம், டயரை ஒட்டிய உள்பக்கம் என்று செயின் நெருங்குகிற எல்லா இடத்திலும் காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் மார்க்கரால் கறுப்பாகப் பூசுங்கள். முன் பற்சக்கரம் பாறையில் இடிபடாமல் காக்கும் வளையமான பாஷ் ரிங்கின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நீங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள்: பின்சக்கரத்தில் பத்து ஹாப் (நின்ற இடத்தில் குதிப்பது), நாலைந்து பெடல் கிக் (பெடலை ஒரே உதையாக மிதித்துப் பாய்வது), ஒரு திண்டில் ஏறி இறங்குவது. திரும்பி வந்து மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாண்டில் தொங்கவிட்டு பெடலைச் சுற்றிப் பார்த்தால் இது தெரியாது. காற்று குறைவான 2.5 அங்குல டயர் உங்கள் எடையில் பக்கவாட்டில் பிதுங்குவதும், கிக் அடிக்கும்போது பின்பக்க ஃபிரேம் ஒரு மி.மீ. முறுக்குவதும், மேலே ஆள் இருந்தால்தான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த சைக்கிளில் ஃப்ரீவீல் முன்னால் கிராங்கில் இருக்கிறது, பின் ஸ்ப்ராக்கெட் ஹப்போடு பூட்டியிருக்கிறது. பெடல் சும்மா நின்றாலும் பின்சக்கரம் சுற்றினால் செயின் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண சைக்கிள் பழக்கத்தில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு செயினைத் துணியால் பிடித்தால் துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். துடைப்பதானாலும் எண்ணெய் விடுவதானாலும் சக்கரத்தைக் கையால் மெதுவாக நகர்த்தி நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள்.

மை அழிந்த இடத்தை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்றால்: செயின்ஸ்டேயின் மேல்பக்கம் அழிந்திருந்தால் ஸ்ப்ராக்கெட் சின்னது, அல்லது செயின் தொய்வாக இருந்து குதிக்கும்போது அடிக்கிறது. இரண்டுக்கும் தடம் வேறு. சின்ன ஸ்ப்ராக்கெட் என்றால் டிராப்அவுட்டுக்குக் கிட்டே நேரான ஒரு கோடு போலத் தேய்ந்திருக்கும், தொய்வு என்றால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும், அதுவும் குழாயின் நடுப்பகுதியில். அடிப்பக்கம் அழிந்திருந்து நீங்கள் செயினை மேலே தள்ளுகிற டென்ஷனர் (தொய்வை எடுக்கும் ஸ்பிரிங் கருவி) வைத்திருந்தால் அதன் ஸ்பிரிங் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. மேலே தள்ளுவதால் ஸ்ப்ராக்கெட்டில் அதிகப் பற்கள் பிடிக்கும், செயின் பாறையில் இடிக்காமல் இருக்கும், இரண்டும் நல்லதுதான், ஆனால் குழாயில் முட்டும் வரை தள்ள வேண்டியதில்லை. கடைசியாக, டயரின் ஓரப் பொத்தான்கள் கறுப்பாகப் பளபளத்தால் அதில் ஒட்டியிருப்பது செயின் எண்ணெய், அதாவது செயின் டயரில் படுகிறது.

பெரிய காரணங்களைத் தேடுவதற்கு முன் சின்னவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை ஃப்ரீவீலின் பேரிங்தான் போய்விட்டது என்று நானே முடிவு செய்து இரண்டு வாரம் சைக்கிளை ஓட்டாமல் வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், பின்பிரேக் ஹோஸைக் குழாயோடு கட்டியிருந்த ஜிப் டையின் வெட்டிய முனை திரும்பி நின்று ஒவ்வொரு செயின் தகட்டிலும் டிக் டிக்கென்று பட்டுக்கொண்டிருந்தது. நீளமான போல்ட், உள்பக்கம் துருத்தும் ஸ்நெயில் கேம் (ஆக்ஸிலைக் காடியில் நகர்த்தி நிறுத்தும், எண் போட்ட நத்தை வடிவத் தகடு), அடிவாங்கி வளைந்த பாஷ் ரிங், ஃபிரேமின் அடியில் உள்ள பாஷ் பிளேட் மேலே மடங்கி கீழ் ஓட்டத்தைத் தொடுவது, இவை எல்லாம் ஐந்து நிமிட வேலை. வளைந்த பாஷ் ரிங்கைக் கண்டுபிடிக்கவும் சுலபமான வழி உண்டு, உரசல் சத்தம் கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் வரும்.

செயின் பல்லில் உட்காருகிறதா

செயின் அகலத்தில் இரண்டு வகை புழங்குகிறது, 1/8 அங்குலம், 3/32 அங்குலம். இது தகடுகளுக்கு நடுவே உள்ள உள் அகலம்: 3.2 மி.மீ., 2.4 மி.மீ. பல்லுக்குப் பல் தூரம் இரண்டிலும் 12.7 மி.மீ. என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. 1/8 பல் உள்ள ஃப்ரீவீலில் 3/32 செயினைப் போட்டால் ரோலர் பள்ளத்தில் இறங்காமல் தகடு பல்லின் மேலேயே ஏறி நிற்கும், ஓட்டிப் பார்க்கவே கூடாது. மாற்றிப் போட்டால், அதாவது அகலச் செயின் குறுகிய பல்லில், ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கும். ஃப்ரீவீல் ஒரு அளவிலும் ஸ்ப்ராக்கெட் வேறு அளவிலும் வாங்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், அதனால் வாங்குவதற்கு முன் இரண்டு பல்லையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

வெளி அகலமும் முக்கியம். 1/8 செயினில் ஆணியின் முனைகளையும் சேர்த்தால் 9 மி.மீ.க்கு மேல் வரும், 8 ஸ்பீட் கியர் செயினில் சுமார் 7 மி.மீ. டயரில் லேசாகத்தான் படுகிறது, பற்களும் 3/32தான் என்றால், குறுகிய செயினுக்கு மாறினாலே பக்கத்துக்கு ஒரு மி.மீ. இடம் கிடைத்துவிடும். நான் அகலச் செயினையே விரும்புகிறேன், கிக் அடிக்கும்போது என் முழு எடையும் அந்தக் கண்ணிகளில்தான் தொங்குகிறது. ஊர் சைக்கிள் செயினும் 1/8 அங்குலம்தான், அளவு பொருந்தும், கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் டிரையல்ஸ் கிக்குக்கு அதை நம்பாதீர்கள். பிஎம்எக்ஸுக்கு என்று செய்த, ஆணி முனைகள் நன்றாகத் தட்டி விரிக்கப்பட்ட செயின் வாங்குங்கள்.

நீளம், அரைக் கண்ணி

இதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும், ஆனால் ஒரு முறை போட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க உதவும். பிபியின் (கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் பகுதி) மையத்திலிருந்து பின் ஆக்ஸில் மையம் வரை உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்து, இரண்டால் பெருக்கி, 12.7ஆல் வகுங்கள். அதோடு முன்பல், பின்பல் இரண்டின் கூட்டுத்தொகையில் பாதியைச் சேர்த்தால் கண்ணி எண்ணிக்கை. உதாரணமாக 380 மி.மீ., 18க்கு 15: 59.8 கூட்டல் 16.5, மொத்தம் 76.3. சாதாரணச் செயினை இரட்டைப்படையில்தான் இணைக்க முடியும், ஒரு வெளித்தகடு ஒரு உள்தகடு என்று மாறி மாறி வருவதால். 76 கண்ணி போட்டால் ஆக்ஸில் 378 மி.மீ.யில் உட்கார வேண்டும், 78 போட்டால் 390.5க்குப் போகும். உங்கள் ஃபிரேமில் டயர் முட்டாமல், பிரேக் கட்டையும் ரிம்மில் சரியாகப் பிடிக்கிற பகுதி 380 முதல் 389 வரை மட்டும் என்றால்? இரண்டும் ஆகாது. பலரும் இந்த இடத்தில்தான் 76ஐப் போட்டு இழுத்துப் பூட்டி, பேரிங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் 78ஐப் போட்டுத் தொங்கவிட்டு டென்ஷனரால் சமாளிக்கிறார்கள்.

வழி இரண்டு உண்டு. அரைக் கண்ணி (ஒரு முனை வெளித்தகடாகவும் மறுமுனை உள்தகடாகவும் இருக்கும் ஒற்றைக் கண்ணி) ஒன்று சேர்த்தால் 77, ஆக்ஸில் 384 மி.மீ.யில் அழகாக உட்காரும். அரைக் கண்ணியின் தகடு வளைந்தது என்பதால் மற்றக் கண்ணிகளை விடச் சீக்கிரம் நீளும், அதனால் நான் முடிந்தவரை இரண்டாவது வழிக்குப் போவேன்: ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் மாற்றுவது. பல் ஒன்று கூடினால் சக்கரம் ஏறக்குறைய 3.2 மி.மீ. முன்னே வரும், குறைந்தால் அதே அளவு பின்னே போகும். மேலே சொன்ன கணக்கில் 16 பல்லும் 78 கண்ணியும் போட்டால் 387 மி.மீ., 14 பல்லும் 76 கண்ணியும் போட்டால் 381. இரண்டுமே பொருந்துகின்றன, முழுக் கண்ணிகளோடு. செயின்ஸ்டேயின் மேல்பக்கம் உரசுகிறவர்களுக்கு 16 பல் இரண்டு பிரச்சினையையும் சேர்த்தே தீர்த்துவிடும், கியர் மட்டும் சற்று லேசாகும்.

இழுப்பு

செயினை எவ்வளவு இழுப்பது என்று கேட்டால், மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் அழுத்தும்போது மேலும் கீழுமாக மொத்தம் ஒரு செ.மீ.க்குள் ஆட வேண்டும், ஆட்டமே இல்லாமலும் இருக்கக் கூடாது. ஆனால் எந்த இடத்தில் வைத்து அளக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். ஃப்ரீவீலும் ஸ்ப்ராக்கெட்டும் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் விறைக்கும், ஓரிடத்தில் தளரும். விறைப்பான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்துத்தான் இழுப்பைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்து இழுத்தீர்களானால், விறைப்பான இடம் வரும்போது ஹப் பேரிங்கும் ஃப்ரீவீல் பேரிங்கும் நசுங்கும். கிர்ரென்று ஒரு சுற்றுக்கு ஒரு முறை இறுகுகிற சத்தம் அதுதான்.

காடியில் நகர்கிற ஆக்ஸில் என்றால் இரண்டு பக்கமும் ஸ்நெயில் கேம் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் நம்பாமல் சக்கரம் ஃபிரேமின் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். செயின் பக்கத்துப் போல்ட்டை முதலில் பாதி இறுக்கி, மறுபக்கம் பாதி, மறுபடி இது, மறுபடி அது என்று மாற்றி மாற்றி இறுக்கினால் சக்கரம் சாயாது. டிராப்அவுட்டின் முகத்தில் எண்ணெயோ மண்ணோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் செயின் தொய்கிறது என்று சொல்பவர்களில் பலருக்குச் செயின் நீளவே இல்லை, கிக் அடிக்க அடிக்க ஆக்ஸில் வழுக்கி முன்னே வந்துகொண்டிருக்கிறது. போல்ட் பிடித்த இடத்தில் பளபளவென்று இழுத்த தடம் இருந்தால் அதுதான் காரணம்.

சக்கரத்தை நகர்த்திய பிறகு பிரேக்கைப் பார்க்காமல் ஏறவே கூடாது. மகுரா எச்எஸ்33 மாதிரி ரிம் பிரேக் என்றால் ஆக்ஸில் இரண்டு மி.மீ. நகர்ந்தாலே கட்டை ரிம்மின் விளிம்பை விட்டு நழுவலாம், அல்லது டயரின் ஓரத்தைக் கடிக்கலாம்.

நேர்கோடு

முன் ஃப்ரீவீலும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் அளப்பது சுலபம், சீட் குழாயின் ஓரத்திலிருந்து ஃப்ரீவீல் பல் வரை அளந்து குழாயின் பாதி விட்டத்தைச் சேர்த்துவிடலாம். பின்னால், டிராப்அவுட்டின் உள்முகத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் பல் வரை அளந்து, ஹப் அகலத்தின் பாதியிலிருந்து கழியுங்கள். 135 மி.மீ. ஹப், பல் 22 மி.மீ. உள்ளே என்றால் 67.5 கழித்தல் 22, அதாவது 45.5. 20 அங்குல சைக்கிளில் ஹப் 116 மி.மீ. என்றால் 58லிருந்து கழிக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடுங்கள். மூன்று நான்கு மி.மீ. என்றால் இவ்வளவு சின்னப் பற்சக்கரங்களில் செயின் பல்லின் பக்கவாட்டில் ஏறிக் கழன்றே தீரும்.

சரிசெய்வதைப் பின்பக்கமிருந்து தொடங்குங்கள். வரி வரியான பிடிப்பில் செருகுகிற ஸ்ப்ராக்கெட் என்றால் ஸ்பேசரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் போதும், காசு செலவே இல்லை. திருகிப் பூட்டுகிற ஸ்ப்ராக்கெட்டின் பின்னாலோ ஃப்ரீவீலின் பின்னாலோ வாஷர் வைத்துத் தள்ளுவது எனக்குப் பிடிக்காத வேலை. எத்தனை மி.மீ. வாஷரோ அத்தனை மி.மீ. மரை குறைகிறது. டிரையல்ஸில் ஒரு கிக்கில் முழு எடையும் அந்த மரையில்தான் விழும், ஒரு மி.மீ.க்கு மேல் போகவே வேண்டாம். முன்பக்கம் அதற்கு மேல் நகர வேண்டுமென்றால் பிபியின் அச்சை மாற்றுவதுதான் முறை. ஐசிஸ் (ISIS) என்கிற பிபி வகையில் 118, 128 மி.மீ. என்று அச்சு நீளங்கள் உண்டு, 118லிருந்து 128க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. வெளியே வரும்.

டயரில் உரசுவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும். 60 மி.மீ. அகல டயர் என்றால் நடுக்கோட்டிலிருந்து 30 மி.மீ. அதற்கே போய்விடும், பிதுங்க ஒரு 5 மி.மீ. விட்டுவைத்தால் செயினின் உள்ஓரம் 35க்கு வெளியே இருக்க வேண்டும். அகல ரிம்மில் அதே டயர் இன்னும் அகலமாக உட்காரும், டயர் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் காற்றடித்து ஏற்றியபின் அளங்கள். செயினில் கை வைக்கும் முன் செயின் பக்கத்து ஸ்போக்குகளின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள், தளர்ந்த சக்கரம் பக்கவாட்டில் இறங்கும்போது ரிம்மே செயின் பக்கம் சாயும்.

தாவினால்

கிக் அடிக்கும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், இன்னொரு முறை அடித்துப் பார்க்க வேண்டாம். எனக்கு ஒரு சுவரில் ஏறும்போது செயின் அறுந்து முட்டி நேராக ஸ்டெம்மில் போய் இடித்தது, நடக்கவே பத்து நாள் ஆனது. இரும்பு அளவுகோலை வைத்து 24 கண்ணி நீளத்தை ஆணி மையத்திலிருந்து ஆணி மையம் வரை அளங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 306.3 தாண்டினால் நான் மாற்றிவிடுவேன், 307க்குப் போகும் வரை காத்திருந்தால் ஃப்ரீவீலின் பல்லும் சுறாத் துடுப்பு போலச் சாய்ந்துவிடும். சாய்ந்த பல்லில் புதுச் செயின் இன்னும் மோசமாகத் தாவும். டிரையல்ஸ் ஃப்ரீவீல்கள் பலவற்றில் பல்லை மட்டும் தனியாக மாற்ற முடியாது, விலையும் செயினைப் போலப் பல மடங்கு, அதனால் செயினைக் காலத்தோடு மாற்றுவதே லாபம். தாவுவது செயினா, ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாய்க்கால்களா (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் சின்னக் கொக்கிகள்) என்று சந்தேகம் வந்தால் ஒரு பல்லுக்கும் அதில் உட்கார்ந்த கண்ணிக்கும் வெள்ளை பெயிண்டால் புள்ளி வைத்து, பிரேக் பிடித்துக்கொண்டு பெடலில் எடையைப் போடுங்கள். கிராங்க் சட்டென்று இறங்கியும் புள்ளிகள் ஒட்டியே நின்றால் கோளாறு ஃப்ரீவீலுக்குள்.

இணைப்பதற்குச் செயின் லாக் போடாதீர்கள், பக்கத்துக் கிளிப் ஒரு திண்டின் ஓரத்தில் பட்டாலே தெறித்துவிடும். செயின் கட்டரால் ஆணியை நேராக அழுத்தி, இரண்டு தகட்டுக்கும் வெளியே ஒரே அளவு தெரிகிற வரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கண்ணி விறைப்பாக இருந்தால் செயினைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் மெல்ல வளைத்துத் தளர்த்துங்கள். விறைத்த ஒரே ஒரு கண்ணி டிக்கென்று சத்தம் போட்டு, உரசல் என்று உங்களை நம்பவைக்கும்.

ஃபிரேமை அரத்தால் ராவுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். டிரையல்ஸ் ஃபிரேமின் அலுமினியக் குழாய் எடைக்காக மெல்லிசாக இழுக்கப்பட்டது, செயின்ஸ்டேயில் அரை மி.மீ. ராவினாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். செயினே ஏற்கெனவே அறுத்து ஒரு பள்ளம் உண்டாக்கியிருந்தால், நகம் மாட்டுகிற ஆழம் என்றால், அதை ஒரு நல்ல ஃபிரேம் வேலைக்காரரிடம் காட்டாமல் பெரிய குதிப்பு எதுவும் செய்யாதீர்கள். லேசான கீறல் என்றால் பழைய டியூபை நீளவாட்டில் வெட்டிக் குழாயின் மேல் ஒட்டலாம், ஆனால் அதன் தடிமன் ஒன்று ஒன்றரை மி.மீ. இருக்கும், இடைவெளி அதைவிடக் குறைவு என்றால் அதுவே உரசும்.

எல்லாம் முடிந்தபின் மறுபடி புது டேப், மறுபடி மை, அதே பத்து ஹாப், அதே கிக்குகள். மை அழியாமல் இருந்தால் ஆக்ஸில் போல்ட்டுகளை ஆலன் கீயால் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள், புதுச் செயின் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் உட்காரும், அப்போது ஸ்நெயில் கேமை ஒரு எண் நகர்த்த வேண்டிவரும்.